மாதம் ஒருமுறை நேரில் வர வேண்டும்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல. ஒரு பெண் தொலைபேசியில் கேட்ட கேள்வியிலிருந்து வந்தது.

"ஏனுங்க, இதுக்கு ஷட்டவுன் என்னைக்குங்க?"

'இது' என்று அவர் சொன்னது கிளவுட்டை. (மேகக் கணிமை என்று எழுத வேண்டுமாம். பேச்சில் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. மேகம், வானம், மழை எதையும் இந்தக் கதையில் தேட வேண்டாம். வேறு ஊரில், வேறு யாருடைய கட்டடத்திலோ இருந்துகொண்டு நம் கணக்கைச் சுமக்கும் கம்ப்யூட்டர், அவ்வளவுதான்.)

ஷட்டவுன் என்றால் என்ன என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: பராமரிப்புப் பணி என்று மாதம் ஒரு நாள், காலையிலிருந்து சாயங்காலம் வரை, அந்தந்தத் துணை மின்நிலையத்தில் கரண்டை நிறுத்திவிடுவார்கள். எந்தெந்தப் பகுதி என்று முந்தின நாள் பேப்பரில் வரும்.

நான் அப்போது சேலத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் இரவு ஷிப்டில் இருந்தேன். கம்பெனிகளின் கணக்கைப் பழைய கம்ப்யூட்டரிலிருந்து கிளவுட்டுக்கு மாற்றுவது வேலை. காலையில் கிளம்பும் முன் வாடிக்கையாளர்களிடம் பேசி, எல்லாம் ஓடுகிறதா என்று கேட்க வேண்டும்.

"இது நிற்கவே நிற்காதுங்க மேடம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அழைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து இரண்டு முறை ஹலோ சொன்னேன்.

"இருக்கறனுங்க" என்றார்.

2

முதலில் எழுதிய தொடக்கம் வேறு:

'பெருந்தொற்றுக் காலத்தில் உலகமே நின்றுபோனபோது —'

அடித்துவிட்டேன். உலகம் எங்கே நின்றது? திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் நின்றன. ஆழ்துளைக் கிணறு போடப் போன இடத்தில், சத்தீஸ்கரிலோ கர்நாடகத்திலோ, எங்கோ ஒரு காட்டோரம் ஆட்களோடு நின்றன. அவர்களுக்கு எதையாவது அனுப்ப வேண்டுமென்றால் கணக்கைப் பார்க்க வேண்டும். கணக்கு ஆபீஸில், பீரோவுக்குப் பக்கத்தில் இருந்த ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. தெருவில் போலீஸ்.

கட்டுரை மாதிரி ஒரு பத்தி எழுதிக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கிளவுட்டை விற்கிறவர்கள் அதற்கு முன்பும் வருடக்கணக்காக இந்த ஊர்களில் நடையாய் நடந்திருக்கிறார்கள். ரிக் ஆபீஸ், கோழித்தீவன ஆலை, லாரி புக்கிங், நூல் மில் என்று ஏறி இறங்கினார்கள். முதலாளிகள் காபி கொடுத்து அனுப்பினார்கள். 'என் கணக்கு என் ஊட்டுல இருக்கோணும்' என்பதுதான் பதில். அத்தனை பேர் பேசி முடியாததை ஒரு இருமல் முடித்துவைத்தது. முடியாது என்றவர்கள் அதே வாரத்தில் தாங்களாகவே கூப்பிட்டு, எப்போது மாற்றுவீர்கள் என்று கேட்டார்கள். எங்களுக்குத் தூக்கமில்லை. சாவுகளின் மேல் ஓடிய வேலை அது. எங்கள் மேலாளர் அதை 'வளர்ச்சி' என்றார். நான் பிறகு அந்த வேலையை விட்டேன். அது தனிக்கதை, சுவாரசியமும் இல்லை.

3

அந்தப் பெண்ணுக்கு ஒரு பெயர் வேண்டும். அவரிடமே கேட்டேன்.

"வசந்தாமணின்னு வைங்க."

"அது யாருங்க?"

"பள்ளிக்கூடத்துல எம்பக்கத்துல உக்காந்திருந்தவ. எப்பப் பாத்தாலும் எம்பேப்பரப் பாத்து எழுதுவா. ஒருக்கா அவ பேரை நான் எடுத்துக்கறேன்."

வசந்தாமணி ரிக் ஆபீஸில் கணக்கு எழுதுகிறவர். (ரிக் ஆபீஸ் ரிக் ஆபீஸாக இல்லாமலும் இருக்கலாம். திருச்செங்கோடு திருச்செங்கோடாக இல்லாமலும் இருக்கலாம். எதையெல்லாம் மாற்றியிருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். காரணம் போகப் போகத் தெரியும்.) முதலாளி பெயர் காளியண்ணன் என்று வைத்துக்கொள்வோம். ஷட்டவுன் நாளில் ஜெனரேட்டர் ஓட்டாத மனிதர். "டீசல ஊத்திக் கணக்கு எழுதறதுக்கு நாளைக்கு எழுதிக்கலாம், போங்க" என்று எல்லோரையும் அனுப்பிவிடுவார். சம்பளம் பிடிக்க மாட்டார்.

வசந்தாமணி வீடு வேறு மின்நிலையத்தின் கீழ் வருகிறது. அங்கே அன்றைக்குக் கரண்ட் இருக்கும். ஆகவே வீட்டில் யாருக்கும் ஷட்டவுன் தெரியாது. அவர் எப்போதும்போல டிபன் பாக்ஸோடு காலையில் கிளம்புவார். சாயங்காலம் திரும்புவார். நடுவில் உள்ள பகல் அவருடையது.

கிளவுட் வந்த பிறகு காளியண்ணன் கணக்கு அறையைக் காலி செய்து வாடகைக்கு விட்டுவிட்டார். ஊரடங்கு முடிந்தும் வசந்தாமணி வீட்டிலிருந்தே வேலை பார்த்தார். கரண்ட் போனால் லேப்டாப்பில் சார்ஜ் இருந்தது. இணையம் போனால் கைப்பேசி இருந்தது. மாமியார் குப்பாயி எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

4

அந்த ஒரு பகலில் அவர் எங்கே போனார்? தெரியாமலே எழுத ஆரம்பித்தேன்.

முதல் வரைவில் ஒரு ஆணைப் பார்க்கப் போனார். வாசகருக்குப் பிடிக்கும் என்று நினைத்தேன். அவன் வாயில் வசனம் வைத்ததும் அந்த ஆள் நானாகிவிட்டேன். கிழித்துவிட்டேன்.

இரண்டாவது வரைவில் எவரையும் பார்க்கவில்லை. பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில் போய்ச் சும்மா உட்கார்ந்தார். தனிமை, சுதந்திரம் என்று இரண்டு பக்கம். அதை அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

"ஏரில அப்பத் தண்ணியே இல்லீங்களே."

"கதைக்காக —"

"வெயில்ல அங்க போயி நான் எதுக்குங்க தம்பி உக்காரோணும்? கிறுக்கா எனக்கு?"

பிறகு அவரே சொன்னார். மோட்டார் ரூம் பின்னாலிருந்து, தாழ்ந்த குரலில். ஆபீஸ் அழைப்பு என்று வீட்டில் சொல்லியிருந்தார்.

5

போனது தங்கை வெண்ணிலாவைப் பார்க்க. பிறந்ததிலிருந்து காது கேளாது, பேச்சும் வராது. சேலத்தில் ஜூட் என்பவரைக் கட்டிக்கொண்டு அம்மாபேட்டையில் குடியிருக்கிறார். ஜூட் கத்தோலிக்கர். கல்யாணத்தன்று வசந்தாமணி வீட்டில் குப்பாயி சொன்னது இது: "அந்த ஊட்டு வாசல மிதிச்சயின்னா, இந்த ஊட்டு வாசல மிதிக்காத. உம்பையன் இங்கயே இருப்பான்." கணவர் மாதேஷ் அதை மறுக்கவில்லை.

வெண்ணிலா பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. அக்காவும் தங்கையும் சிறுவயதில் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட கைமொழிதான் இருவருக்கும் பேச்சு. மூக்கின் பக்கவாட்டைத் தொட்டால் அம்மா. கட்டைவிரலால் கழுத்தைத் தேய்த்தால், பொய் சொல்கிறாய். ஜாடையை இழுத்துவிடுவது போல் காட்டினால் — இல்லை, ஜடையை. ஜடையை இழுத்தால் அக்கா. (எழுத்துப்பிழையை அப்படியே விட்டிருக்கிறேன். ஒரு சொல் எவ்வளவு லேசாக வேறாகிவிடுகிறது என்று நானே பார்த்துக்கொள்ள.) ஜூட்டுக்கு அதில் பாதி தெரியும். முழுதும் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

வாசகர் கேட்பார்: வீடியோ காலில் பேசலாமே? நானும் கேட்டேன்.

"பேசிப் பாத்தனுங்க. போனைப் பைப்புல சாய்ச்சு வெச்சுட்டு ரெண்டு கையாலயும் பேசிட்டிருந்தேன். அத்தை மாட்டுக் கட்டுத்தரையில நின்னு பாத்துட்டாங்க. 'ஏன் அம்மிணி, கைய எதுக்கு ஆட்டற?' ஈ முடுக்கறனுங்கன்னேன். 'எங்க ஈ?'ன்னாங்க. அதோட சரி."

மேலும் சொன்னார்: "வாயால பேசறதுன்னா ஆபீஸ் போனுன்னு சொல்லிக்கலாங்க. கையால பேசுனா சத்தமே வராது. ஆனா தூரத்துல இருந்தே தெரியும்."

இந்த இடத்தில் அவர் அழுததாக எழுதியிருந்தேன். எடுக்கச் சொன்னார். "நான் அழுவலீங்க. தூசி கூட விழல."

6

என் மூளை ஷட்டவுனில்தான் நின்றது. மாதம் ஒரு நாள் கிளவுட்டை முடக்கினால் என்ன? அவரிடம் சொன்னேன்.

"அது நின்னா எனக்கென்னங்க? ஊட்டுலதான உக்காந்திருப்பேன். கீரையும் சேத்து ஆயச் சொல்லுவாங்க."

அதுவரை எனக்கு இது உறைக்கவே இல்லை. அவருக்கு வேலை நிற்க வேண்டாம். வேலை அவரை வெளியே கூப்பிட வேண்டும்.

அவர்தான் வழியும் சொன்னார். "ரேசனுக்குக் கைரேகை கேக்கறாங்க. சிம் கார்டுக்குக் கேக்கறாங்க. கைரேகைன்னா யாரும் ஏன்னு கேக்கறதில்லீங்க தம்பி."

நான் வேலையை விட்டபோது கம்பெனி என் அடையாள அட்டையையும் ஹெட்செட்டையும் திரும்ப வாங்கிக்கொண்டது. என் உள்நுழைவை ரத்து செய்ய யாருக்கும் தோன்றவில்லை. அதன் வழியாகக் காளியண்ணனுக்கு ஓர் அறிவிப்பு போனது. என் எழுத்தில் பிசிறில்லாமல் வந்தது இதுதான்:

'தரவுப் பாதுகாப்பு விதிகளின்படி, கணக்குகளைக் கையாளும் பணியாளர் மாதம் ஒருமுறை சேலம் மையத்துக்கு நேரில் வர வேண்டும். கைரேகை மூலம் தம் அடையாளத்தை உறுதிசெய்ய வேண்டும். தவறினால் கணக்கு முடக்கப்படும்.'

காளியண்ணன் உடனே வசந்தாமணியைக் கூப்பிட்டார். "போயிட்டு வந்துரு அம்மிணி. பூட்டிப்போட்டான்னா நம்மளுக்குத்தான் சிரமம். பஸ் சார்ஜக் கணக்குல எழுதிக்க."

மாதேஷ் அதைத் தன் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டினாராம். குப்பாயி தன் விரல்களைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு கேட்டிருக்கிறார்: "ரேகை தேஞ்சு போனவங்க என்ன பண்ணுவாங்களாம்?"

7

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். பேருந்து, அம்மாபேட்டை, கதவு திறக்கிறது, இரண்டு பெண்கள் —

எழுதினேன். அது அப்படி நடக்கவில்லை.

கதவு திறந்தது. வெண்ணிலாவின் இடுப்பில் ஒரு பெண்குழந்தை. பிறந்தது தெரியும், பார்த்ததில்லை. வெண்ணிலா குழந்தையைக் காட்டி, இரண்டு விரலால் கன்னத்தில் ஏதோ செய்தார். பிறகு வேகமாக இன்னும் ஏதேதோ. வசந்தாமணிக்குப் பாதி விளங்கவில்லை. பங்கில், அதாவது ஜூட்டின் சர்ச்சில், காது கேளாதவர்கள் வாராவாரம் கூடுவார்களாம். ஜூட் அங்கே கூட்டிப்போயிருக்கிறார். அங்கே எல்லோரும் பேசும் கைமொழி வேறு. வெண்ணிலாவின் கையில் அது ஏறிவிட்டது.

"அவளுக்கு நல்லதுதானுங்களே" என்றேன். கட்டுரை எழுதுகிறவன் சொல்வது போல.

"நல்லதுதான். நான் இல்லைன்னா அவ யாருகூடப் பேசுவா? ஆனா அவ பேசறப்ப நான் மந்தி மாதிரி முழிச்சிட்டு நின்னேன். பாப்பா பேரையே மூணு தடவ காட்டுனா. ஜூட்டு வந்துதான் சொன்னாரு. என்ர தங்கச்சி பேசறத இன்னொருத்தர் எனக்குச் சொல்ல வேண்டியதாப் போச்சு."

பிறகு சொன்னார்: "மாசம் ஒருக்காப் போனாப் புடிச்சுக்குவேன். உட்டுட்டா அவ்வளவுதானுங்க."

எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு மாற்றலாம் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொன்னார்கள். [இந்த வாக்கியத்தின் அடுத்த பாதி எனக்குத் தெரியும். மலிவாக இருக்கிறது. எழுத மாட்டேன்.]

8

இப்போதைய நிலை. மாதேஷ் லாரி பாடி கட்டும் பட்டறையில் இருக்கிறார். அந்தப் பட்டறையும் ஊரடங்கில் கிளவுட்டுக்குப் போயிற்று. போகாத இடம் எது? போன வாரம் சோற்றில் கை வைத்தபடி கேட்டிருக்கிறார்:

"எங்க பட்டறையிலயும் அதேதான். எங்க கணக்குக்காரப் பொண்ண யாரும் ரேகை வெக்கக் கூப்பிடலையே?"

"உங்களுது சின்னக் கம்பெனி" என்றாராம் வசந்தாமணி.

"இருக்கும். எதுக்கும் விவரந்தெரிஞ்சவங்க யாரையாச்சும் கேக்கோணும்."

யாரை என்று சொல்லவில்லை.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

(அ) மாதேஷ் பின்தொடர்ந்து பேருந்தில் ஏறுகிறார். — சினிமா.

(ஆ) மாதேஷுக்கு எல்லாம் தெரிகிறது, மன்னிக்கிறார். — நான் அவரைப் பார்த்ததே இல்லை. என் வசதிக்காக அவரை நல்லவராக்க முடியாது. கெட்டவராக்கவும் முடியாது.

(இ) அடுத்த மாதம் வசந்தாமணி போகவில்லை. — இதை எழுதவே மாட்டேன்.

கதையைப் போட வேண்டாம் என்று முடிவுசெய்து அவரிடம் சொன்னேன். நாலு பேர் படிப்பார்கள், ஆபத்து.

"போடுங்க. நாலு பேரு படிக்கட்டும். அந்த நாலு பேருல ஒருத்தர எங்கூட்டுக்காரரு கேக்கலாம்."

"அவங்களுக்கு அது பொய்யின்னு தெரிஞ்சிருக்குமே அக்கா."

"தெரியாதவங்க 'எனக்குத் தெரியாதுங்க'ன்னுதான சொல்லுவாங்க? கதை தெரிஞ்சவங்கதான் 'ஆமாங்க'ன்னு சொல்லுவாங்க. அவங்கதான் தம்பி நமக்கு வேணும்."

9

ஆகவே முடிவு என்னிடம் இல்லை.

டீக்கடையில் உங்களிடம் ஒருவர் கேட்கலாம். கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்கலாம். வெல்டிங் பொறி பட்ட சட்டை போட்டிருக்கலாம், போடாமலும் இருக்கலாம். பெயர் மாதேஷாக இருக்காது. நீங்கள் என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று முதலில் விசாரிப்பார். பிறகு பெரிய விஷயமில்லை என்பதுபோல், இலையைப் பார்த்துக்கொண்டே கேட்பார்:

"ஏனுங்க, இந்தக் கிளவுட்டுங்கறாங்களே, அதுக்கு மாசாமாசம் நேர்ல போயிக் கைரேகை வெக்கோணுமுங்களா?"

கேட்டுவிட்டு நிமிர்ந்து உங்கள் முகத்தைப் பார்ப்பார்.