மகரந்தக் காலத்தில் மூட்டை

1

இந்தக் கதை ஒரு தும்மலில் பிறந்தது. பெருமைப்பட ஒன்றுமில்லை. நாய், பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவமனையில், கூடைக்குள் சீறிக்கொண்டிருந்த என் பூனையோடு உட்கார்ந்திருந்தேன். எதிர் பெஞ்சில் ஒரு பெண், ஓர் ஆண், நடுவில் படுக்கை விரிப்பில் சுற்றிய ஒரு நாய். அந்தப் பெண் தும்மினாள். விரிப்புக்குள்ளிருந்து நாயும் தும்மியது. யாருக்கானாலும் சிரிப்பு வந்திருக்கும். அவர்கள் இருவரும் சிரிக்கவில்லை.

அங்கே நான் கண்டதும் காதில் விழுந்ததும் கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வசந்தத்தின் பொன்துகள்கள் காற்றில் மிதந்து வந்தபோது, அவள் மனம் ஏனோ—'

மூக்கு ஒழுகுகிற எவரும் அதைப் பொன் என்று சொல்லமாட்டார். அடித்துவிட்டேன்.

2

அவளை முதலில் பள்ளி ஆசிரியை ஆக்கினேன். ஒட்டவில்லை. அடைத்துப்போன மூக்கோடு பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திவிட முடியும். மூக்கடைத்தால் பிழைப்பே கெடுகிற ஒரு வேலை வேண்டும். ஆகவே அவள் வானொலியில் செய்தி வாசிப்பவள். தெருவில் எல்லாருக்கும் செய்தியக்கா.

(கணவனை ரயில் ஓட்டுபவனாக்கினேன். ஒரு நாள் வீட்டில், ஒரு நாள் தண்டவாளத்தில். இதில் எனக்கு ஒரு வசதி இருந்தது: அவன் செய்வது அவளுக்கும், அவள் செய்வது அவனுக்கும் தெரியாமல் போகும்.)

நாய்க்கு மூட்டை என்று பெயர். சுருண்டு படுத்தால் யாரோ இறக்கி வைத்துவிட்டுப் போன மூட்டை போலவே இருக்கும்.

ஒவ்வொரு வருடமும் தெருவோர மரங்கள் பூத்து, மகரந்தக் காற்று கிளம்பியதும், அவளுக்கும் மூட்டைக்கும் ஒன்றாகவே ஆரம்பிக்கும். அவளுக்குக் கண் எரியும், மூக்கு அடைக்கும். மூட்டை பாதங்களை நக்கி நக்கி விரலிடுக்கெல்லாம் சிவக்க வைத்துக்கொள்ளும். காதை உதறும். வயிற்றுத் தோலைக் கடித்துக்கொண்டு, 'இது என்ன கொடுமை' என்பது போல அவளைப் பார்க்கும். அவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டே அதைப் பார்ப்பாள். வீட்டில் அவள் கஷ்டம் புரிந்த ஒரே ஜீவன் அதுதான் என்று அவளுக்கு ஒரு நினைப்பு.

இந்த வருடம் நிலைமை எல்லை மீறியது. வானிலை அறிக்கையில் 'மிதமான மழை' என்று வாசித்தாள். நேயர்கள் காதில் விழுந்தது 'பிதபாட பழை'. நிலைய அதிகாரி நல்ல மனிதர். தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் மைக் பக்கம் வர வேண்டாம் மேடம். உள்ள எழுத்து வேலை பாருங்க. உடம்பு தேறட்டும்" என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். கண்ணில் நீர் வழிந்தது. அது அழுகையா அலர்ஜியா என்று அவருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

3

தொண்டை மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, வீட்டில் நாய் இருக்கிறதா என்பது. இருக்கிறது என்றதும், இந்தப் பருவம் முடியும்வரை வேறெங்காவது விடச் சொல்லிவிட்டார்.

கணவன் உடனே தன் அக்காவிடம் பேசி முடித்துவிட்டான். "அக்கா வீட்ல இடம் இருக்கு. நாளைக்கு வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிட்டா."

"என்னை ஒரு வார்த்தை கேக்கலையே நீங்க."

"கேட்டா நீ வேண்டாம்னு சொல்லுவ. உன் வேலை போயிடும்."

"அது அங்க போனாலும் சொறியத்தானே செய்யும்? அண்ணி என்ன, அது பாதத்தை உத்துப் பாக்கறவங்களா?"

"நாய்தானே" என்றான் அவன்.

[இந்த இடத்தில் அவனைக் கல்நெஞ்சன் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன். ஏன் என்று இன்னும் சற்று நேரத்தில் தெரியும்.]

அன்று அவன் ரயிலுக்குப் போய்விட்டான்.

4

மறுநாள் காலை. மூட்டையின் பின்னங்காலில் ரத்தம் கசிந்திருந்தது. அவள் தன் மூக்கடைப்பு மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு வந்ததுதானே இதற்கும் வந்திருக்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. அண்ணி வருவதற்குள் கொஞ்சமாவது தேறியிருந்தால், ஒருவேளை—

அரை மாத்திரையை ரொட்டித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தாள். மீதி அரையை அட்டையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போனாள்.

(நான் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். இதை அவள் செய்திருக்கக் கூடாது. ஒரு வரைவில் மாத்திரை கீழே விழுந்து, நாய் தானாகவே தின்றுவிடுகிறது. யார் மேலும் குற்றமில்லை. ஆனால் படிக்கும்போது எனக்கே நம்பிக்கை வரவில்லை. அன்பு இருக்கிற வீடுகளில் இப்படித்தான் நடக்கும்.)

மதியம் அவள் திரும்பியபோது கணவன் வேலை முடிந்து வந்திருந்தான். மூட்டை சுருண்டு படுக்கவில்லை. சுவருக்கும் கதவுக்கும் மாறி மாறி நடந்துகொண்டிருந்தது. நாக்கு தொங்க மூச்சிரைத்தது. கண்மணி விரிந்து, வேறு நாயின் கண் மாதிரி இருந்தது. அதன் நெஞ்சில் கை வைத்தாள். உள்ளே தடதடவென்று ஓடியது.

"எப்போலேர்ந்து இப்படி?"

"கொஞ்ச நேரமா" என்றான். அவன் முகம் வெளிறியிருந்தது. படுக்கை விரிப்பை இழுத்து நாயைச் சுற்றித் தூக்கினான்.

வண்டியில் அவன் அவள் பக்கமே திரும்பவில்லை. அவன் கோபமாக இருக்கிறான், எப்படியோ கண்டுபிடித்துவிட்டான் என்று அவள் நினைத்தாள். சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தாள். தும்மல்தான் வந்தது.

5

இனி நானே கேட்டது. டாக்டர் அறைக் கதவு சரியாக மூடவில்லை.

டாக்டரம்மா நாயின் நெஞ்சில் கருவியை வைத்துக்கொண்டே கேட்டார்: "ஏதாவது மருந்து குடுத்தீங்களா?"

"நான்தான்" என்றாள் அவள்.

"நான்தான்" என்றான் அவன்.

இரண்டு குரலும் ஒன்றாக விழுந்தன. டாக்டரம்மா கருவியைக் காதிலிருந்து எடுத்தார்.

"அரை மாத்திரைதான் டாக்டர், காலையில" என்றாள் அவள்.

"அட்டையில மீதி அரை இருந்துது. பாதத்தைக் கடிச்சிட்டு அழுதுது. பாக்க முடியல. குடுத்துட்டேன்" என்றான் அவன். "இவ பாதி போட்டுட்டு வெச்சிருக்கான்னு நெனச்சேன்."

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். 'நாய்தானே' என்று சொன்ன வாய்.

டாக்டரம்மா திட்டவில்லை. "அப்போ முழு மாத்திரை உள்ள போயிருக்கு. உங்க மூக்கைத் திறக்கற மருந்து இதோட இதயத்தை ஓட விட்டுடும். ஒரே அலர்ஜியா இருந்தாலும் மருந்து ஒண்ணு கிடையாது. இங்கயே இருக்கட்டும். ஊசி போட்டு, டிரிப் ஏத்தி, இருட்டறையில வெச்சுப் பாக்கறேன்."

சாயங்காலத்துக்குள் துடிப்பு இறங்கியது. மூட்டை சுருண்டு படுத்தது. (என் பூனையின் முறை அதுவரை வரவில்லை. அதனால்தான் இதெல்லாம் எனக்குத் தெரியும்.)

"இதை அனுப்பிட்டா எனக்குச் சரியாயிடுமா டாக்டர்?" என்று அவள் கேட்டாள்.

"உங்க ரெண்டு பேருக்கும் எதிரி வெளிய பூக்கற மரமா இருக்கலாம். இது ரோமத்துல அந்தப் பூவோட தூளைச் சுமந்துட்டு வீட்டுக்குள்ள வருது. தொண்டை டாக்டர் சொன்னது தப்புன்னு சொல்லமாட்டேன். வெளிய போய்ட்டு வந்ததும் ஈரத்துணியால பாதம், வயிறு துடைங்க. படுக்கையைத் துவைங்க. காத்தடிச்சா ஜன்னலைச் சாத்துங்க. உங்க கட்டில்ல ஏத்தாதீங்க. இதுக்குத் தனியா மருந்து தரேன். முழுசா போகாது. குறையும்."

"எவ்வளவு குறையும்?"

"செஞ்சு பாத்தாத்தான் தெரியும்."

6

வெளியே வந்ததும் அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். அவன் கைப்பேசியை எடுத்தான். "அக்கா, எங்க வீட்டுக்குக் கிளம்பிட்டியா? இல்ல... நாங்க ஆஸ்பத்திரியில இருக்கோம். அது வந்து, மூட்டையை—"

"பூனை வெச்சிருக்கறவங்க உள்ள வாங்க" என்று என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

திரும்பி வந்தபோது பெஞ்ச் காலி.

அவன் என்ன சொல்லியிருப்பான்? 'வர வேண்டாம்' என்று ஒரு முடிவு எழுதினேன். அவள் ஈரத்துணியோடு வாசலில் குந்தியிருக்கிறாள், காற்று ஓய்ந்ததும் மைக் முன்னால் உட்காருகிறாள், 'மிதமான மழை' கணீரென்று ஒலிக்கிறது. நன்றாகத்தான் இருந்தது. கொஞ்சம் அதிகமாகவே நன்றாக இருந்தது. 'வந்து கூட்டிட்டுப் போ' என்று இன்னொன்றும் எழுதினேன். அதில் இருவரும் ஞாயிற்றுக்கிழமைதோறும் அக்கா வீட்டுக்குப் போய், ஆளுக்கு ஒரு பாதத்தைப் பிடித்துத் துடைக்கிறார்கள். அதுவும் பொய்யாகத் தெரியவில்லை.

இரண்டில் எதை எடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் வாக்கியத்தை நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். அவள் தொழிலை மாற்றலாம், அக்காவை நல்லவளாக்கலாம், மரத்தையே வெட்டிப்போடலாம். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

மூட்டை பிழைத்துக்கொண்டது. அதில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.