நவரத்தினம் பார்க்க வந்த வாள்

அன்று ஆக்லாந்தில், எங்கள் கிளென் ஈடன் வீட்டில் இருந்தவர்கள் நான், என் மனைவி பத்மாவதி, மகள் கௌரி, கௌரியைத் தன் மகனுக்குக் கேட்டிருந்த நவரத்தினம், அவர் கூட்டி வந்த மொரிதா என்ற ஜப்பானியர். வேறு எவரும் இல்லை. பிறகு அன்று நடந்ததைப் பற்றிக் கதைத்தவர்களில் ஒருவரும் அங்கே இருக்கவில்லை என்பதால் இதை முதலில் எழுதுகிறேன்.

1987, சரஸ்வதி பூசை முடிந்த கிழமை. நவரத்தினம் சம்பந்தம் பேச வந்தவர் போல இருக்கவில்லை. தேநீரைத் தொடவில்லை. அவருடைய கண் சாமியறைப் பக்கமே போய்க்கொண்டிருந்தது. என்னுடைய ஜப்பான் வாள் அங்கேதான் இருந்தது.

“அண்ணை, கோவிக்கக் கூடாது. ஹென்டர்சன் பக்கத்துச் சனத்திட்ட ஒரு கதை உலாவுது. யுத்த காலத்தில சயாம் ரயில் பாதை போட ஆள் பிடிச்சுக் குடுத்ததுக்கு ஜப்பான்காரன் உங்களுக்குத் தந்த வாளாம். அதில இன்னும் இரத்தக் கறை இருக்காம்.”

கதையைத் தொடக்கியவர் மைக்கேல் என்று எனக்குத் தெரியும். மலேசியாக்காரர். ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தபோது வாளை உருவிப் பார்த்தவர். அவருடைய தகப்பன் ரப்பர் தோட்டத்திலிருந்து அந்தப் பாதை வேலைக்குச் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டுத் திரும்பாதவர். ஆகவே அவர்மேல் எனக்குக் கோபம் குறைவு. என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், என் வீட்டுக்கே அந்நியனைச் சாட்சியாகக் கூட்டி வந்த நவரத்தினத்தின் மேல்தான் கோபம் கூட.

நடந்ததைச் சொன்னேன். யுத்த காலத்தில் நான் இன்றைய மலேசியாவில் இருக்கும் ஈப்போ ரயில் நிலையத்தில் குமாஸ்தா. ஜப்பான் தோற்றபோது அதன் அதிகாரிகள் ஒவ்வொருவராக வந்து தங்கள் வாளை மேசையில் வைத்தார்கள். பொறுப்பெடுத்த ஆங்கிலேயக் கப்டனுக்கு நான் துபாசியாக நின்றேன். போகும்போது அவர் ஒரு வாளை எடுத்து எனக்குத் தந்தார்.

“ஓம், ஜப்பான் பாஷையும் தெரிஞ்சிருக்கு” என்றார் நவரத்தினம்.

ஜப்பான்காரரின் ஆட்சியில் அந்தப் பாஷை படிக்காத குமாஸ்தாவுக்கு வேலை இல்லை. அதை அவருக்கு விளக்க நான் விரும்பவில்லை. கௌரியைப் பார்த்தேன். அவள் கார்பெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தச் சம்பந்தம் குழம்பினால் ஆக்லாந்தில் எந்தத் தமிழ் வீட்டிலும் அவளுக்கு இதே கதைதான் முன்னுக்குப் போய் நிற்கும்.

மொரிதா எல்லர்ஸ்லியில் ஒரு கப்பல் கம்பனி மனேஜர்; பழைய வாள்கள் சேர்ப்பவராம். வாளைத் தட்டிக்கொண்டு போகத்தான் வந்திருக்கிறார் என்றே நினைத்தேன். கௌரி வாளை எடுத்து வந்ததும் அவர் முழந்தாளிட்டு அதை வணங்கினார். ஒரு கடதாசியை மடித்து உதடுகளுக்கிடையில் கவ்விக்கொண்டார். மூச்சு அலகில் படக்கூடாதாம். ஊரில் சந்நிதி கோயில் முருகனுக்குப் பூசகர் வாயைத் துணியால் கட்டிப் பூசை செய்வது எனக்கு நினைவு வந்தது. ஆனாலும் வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

உருவியபோது அலகில் மூன்று கறுத்த வட்டங்கள் தெரிந்தன. நவரத்தினம் விரலால் காட்டினார். மொரிதா கவனிக்காதது போலக் கைப்பிடியின் மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றினார். உள்ளே இரும்பில் எழுத்துகள் வெட்டியிருந்தன. நெடுநேரம் பார்த்தார். பிறகு ஆங்கிலத்தில் சொன்னார்: பிடியும் உறையும் இராணுவத்தினுடையவை, அலகு முந்நூறு வருடமாவது பழையது. பரம்பரை வாளுக்கு இராணுவப் பிடி போட்டு அதிகாரிகள் யுத்தத்துக்குக் கொண்டு போவது வழக்கம். சாமுராய் வழி வந்தவன் அப்படியான வாளை மகனுக்குத்தான் கொடுப்பான், குமாஸ்தாவுக்குப் பரிசாகக் கொடுக்க மாட்டான். தோற்றால் மட்டுமே அது கையை விட்டுப் போகும்.

‘குமாஸ்தா’ என்று அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றதெல்லாம் பிடித்தது.

“அப்ப இந்தக் கறை?” நவரத்தினம் விடவில்லை.

இரத்தம் இப்படி அளந்து வைத்தது போலப் படியாது என்றார் மொரிதா. இது ஈரம் பட்டு இரும்பு துருவேறிய கறை, இதில் ஈரம் வைத்தது யார் என்று கேட்டார். அவர் குரலில் அப்போதுதான் கோபத்தைக் கேட்டேன்.

பத்மாவதி எழுந்து போய்ச் சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள்.

“நான்தான் தம்பி. வருசா வருசம் ஆயுத பூசைக்கு மூண்டு பொட்டு வைக்கிறனான். அடுத்த நாள் தண்ணி விட்டு நல்லாக் கழுவியும் வைப்பன்.”

கௌரி அதை மொழிபெயர்த்தாள். மொரிதா கண்ணை மூடிக்கொண்டார். பத்மாவதி தன் விரலை அலகின் மேல் பிடித்துக் காட்டினாள். ஒவ்வொரு கறையும் அவளுடைய விரல் நுனி அளவுதான்.

நவரத்தினம் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார். நாள் பார்க்கலாமா என்று கேட்டார். ஹென்டர்சனில் கேட்ட கதையை முதலில் ஹென்டர்சனிலேயே போய்த் திருத்திவிட்டு வரச் சொன்னேன். போனார். மைக்கேலிடமும் சொன்னாராம்.

தை மாதம் கல்யாணம் நடந்தது. மொரிதா பரிசாக ஒரு சிறு போத்தல் வாள் எண்ணெய் கொண்டுவந்தார். வாள் இன்றும் எங்கள் சாமியறையில் இருக்கிறது.

அதில் இரத்தக் கறை இருப்பதாக இன்னும் சிலர் சொல்லித் திரிகிறார்களாம். அது இரத்தம் அல்ல. பத்மாவதி வைத்த சந்தனம்.