நிறம் மாறிய செவ்வந்திக்கல்

மேலைவானில் சாய்ந்த கதிரவன், தன் கடைசிப் பொன்னை மாடங்களின் மேலும் மதில்களின் மேலும் வாரி இறைத்துவிட்டு வறியவன்போல் மறைந்துகொண்டிருந்த வேளையில், பொற்கொல்லர் தெருவின் பட்டறைதோறும் சிறு சுத்தியல்களின் ஒலி கூடடையும் புள்ளினங்களின் குரலோடு கலந்து எழுந்தது. தெருக்கோடியில் உலைமுன் அமர்ந்திருந்த கொல்லனின் கை மட்டும் ஓவியத்துக் கைபோல் அசைவற்று நின்றது. அருகிருந்த அவன் தங்கையோ, இடுக்கியின் நுனியில் இருந்த மோதிரத்தைக் கண்டு பதறி எழுந்தாள்.

அன்பரே, அம்மோதிரத்தில் பதித்தது ஊதா நிறச் செவ்வந்திக்கல். ஆண்டின் இரண்டாம் திங்களில் பிறந்தோர்க்கு உரியதென உலகோர் போற்றுவது. அதனைக் குடைந்த கிண்ணத்தில் கள் அருந்தினும் மயக்கம் அணுகாதெனப் பண்டை மாந்தர் நம்பியது. அதனைச் செவிவழி அறிந்த அவள், அத்திங்களிற் பிறந்தவனும் மாலைதோறும் குடித்துத் தள்ளாடி வந்தவனுமாகிய கணவனுக்கு, தன் வளையல்களை அழித்து அம்மோதிரத்தைச் செய்து அணிவித்தாள். அன்றுமுதல் அவன் குடியை விட்டான். அச்சுக்கூடத்தில் நடுங்காத விரல்களால் எழுத்துக் கோத்தான். அவன் காலடி கேட்டு ஒளிந்த பிள்ளைகள் ஓடிவந்து தழுவலாயினர். இன்றோ, விரிசல் கண்ட வளையத்தைப் பற்றவைக்கையில், சூடு தாக்காதிருக்கக் கல்லைப் பொதிந்த ஈரத்துணி தீயில் உலர்ந்துவிட, கல்லின் ஊதா ஒழிந்து மஞ்சள் படர்ந்தது.

“ஐயோ அண்ணே! அவரு இப்ப வந்துருவாரே. என் குடும்பமே இந்தக் கல்லுலதான் நிக்குது!”

“கல்லைக் கழட்டாம நெருப்புல காட்டினேன் பாரு, என்னைச் சொல்லணும். அழாதம்மா. இதே மாதிரி இன்னொன்னு இருக்கு, பதிச்சுத் தரேன். மாப்பிள்ளைக்குத் தெரியவா போகுது?”

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “வேண்டாம்ணே. அவரு பொய் சொல்லிக் குடிச்ச காலத்துல நான் பட்டதே போதும். நானும் பொய் சொல்ல மாட்டேன்.”

பணி முடித்து வந்த கணவனிடம் நிகழ்ந்தது அனைத்தையும் அவளே உரைத்தாள். சினம் மூளுமென அஞ்சி நின்ற இருவரும் கண்டது, மோதிரத்தை விரலில் இடாது உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பி நோக்கும் அவனையே.

“மச்சான்,” என்றான் அவன். “வீட்டுக்குப் போற வழியில கள்ளுக்கடை இருக்கு. தினமும் இந்தக் கல்லை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டேதான் அதைத் தாண்டுவேன். இன்னிக்குப் பயமா இருக்கு. கூட வர்றீங்களா?”

கொல்லன் உலையை அவித்து எழுந்தான். “கல்லைக் கெடுத்தவன் காவலுக்கு வர மாட்டேனா? நடங்க மாப்பிள்ளை.”

மூவரும் நடந்தனர். கடைவாயிலில் பழைய கூட்டாளிகள் பெயர்சொல்லி அழைக்க, அவன் கால்கள் சேற்றில் புதைந்தனபோல் ஒருகணம் நின்றன. மனைவி கையைப் பற்றினாள், மைத்துனன் தோளில் கைவைத்தான், கால்கள் பெயர்ந்தன. நாளையும் அவன் கடப்பானென யாம் உறுதி கூறவல்லோம் அல்லோம். ஆயினும், தன் அச்சத்தை ஒளியாது உரைக்கத் துணிந்தவன், அன்று அவ்விருண்ட தெருவைத் தனியனாய்க் கடக்கவில்லை.