கலங்காத மனுஷன்

தையல்காரிக்குக் கணவர்மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் மார்பிலிருந்த கட்டியில் துளி சதையெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு நாளை. இந்த மனுஷனோ சமையலறையில் நின்று ஒரு டம்ளரைப் பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டுகிற மாதிரி கழுவிக்கொண்டிருக்கிறார்!

லிஃப்ட் மெக்கானிக் அவர். முன்பெல்லாம் அவள் தும்மினாலே வீட்டை ரெண்டு பண்ணிவிடுவார். போன மாதம் யார் பேச்சையோ கேட்டுப் புத்தர் வழித் தியான வகுப்புக்குப் போனார். ஆளே மாறிப்போய்த் திரும்பினார். பிறந்ததெல்லாம் ஒருநாள் போகும், எதையும் இறுக்கிப் பிடிக்காதே, கையிலிருக்கிற நொடியில் இரு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. கட்டியைச் சுமப்பவளுக்கல்லவா தெரியும்!

“என்னங்க, நாளைக்குக் கெட்ட சேதியா இருந்துட்டா?”

“நாளைங்கறது இன்னும் வரலையே. இப்ப மூச்சு உள்ள போகுது பாரு, அதைக் கவனி.”

“நான் செத்துப்போனாலும் இப்படித்தான் டம்ளர் கழுவிட்டு நிப்பீங்களா?”

அவர் குழாயை மூடிவிட்டு டம்ளரைத் துடைத்தார்.

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இது பக்குவமா, இல்லை, போனால் போகட்டும் என்கிற அலட்சியமா? ஒருவேளை அவர் சொல்வதுதான் சரியோ, நாம்தான் வீணாக அல்லாடுகிறோமோ? அதையும்தான் பார்த்துவிடுவோமே என்று தன் ஆல்ட்டரேஷன் கடைக்குப் போய் மிஷினில் உட்கார்ந்தாள். ஒரு பேன்ட்டுக்கு அடி மடித்துத் தைக்கிற வேலை. மூச்சு உள்ளே, மூச்சு வெளியே. மனசுகூடக் கொஞ்சம் அடங்கியது. அட, பரவாயில்லையே என்று கையிலெடுத்துப் பார்த்தால், காலின் வாயையே சேர்த்து மூடித் தைத்து வைத்திருக்கிறாள்! போடுகிறவன் பாதத்தை எந்த வழியாக வெளியே விடுவான்?

சாயங்காலம் அதைத் தூக்கி அவர் முன்னால் போட்டாள்.

“தைக்கும்போது தையலைத்தானே கவனிக்கணும், மூச்சை எதுக்குக் கவனிச்சே?” என்றார் அவர், குரல் ஏறாமல்.

அவ்வளவுதான், அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நாளைக்கு நீங்க வரவே வேணாம். நான் தனியாப் போய்க்கறேன்!”

ஆனால் காலையில் அவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். பஸ்ஸில் அவள் தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டாள். ஆஸ்பத்திரி பெஞ்சில் அவர் முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். இங்கேயுமா என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். அவர் அசையவில்லை.

“கூப்பிடறாங்க, எந்திரிங்க. உங்க தியானத்தை அப்புறம் வெச்சுக்கலாம்!” என்று தோளைப் பிடித்து உலுக்கினாள். சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது.

“தியானமெல்லாம் இல்ல,” என்றார் கண்ணைத் திறந்து. “காலு எந்திரிக்க மாட்டேங்குது. எல்லாத்தையும் விட்டுடலாம்னுதான் பார்த்தேன். உன்னை மட்டும் விட வரல.”

அவளுக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, சந்தோஷப்படுகிற நேரமா இது என்று வெட்கமாகவும் இருந்தது. அவர் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினாள். “இன்னும் யாரும் எதுவும் சொல்லிடலையே. கதவு வரைக்கும் நடங்க, போதும். இந்தக் காலை எடுத்து வைங்க. ம்... இப்ப அந்தக் கால்.”

நர்ஸ் கதவைத் திறந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “இதுல பேஷன்ட் யாரு?”