யாரும் அளக்காத பூங்கா

சர்வேயரம்மா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே கல் பறக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு நகரங்களின் எல்லையில் இருந்த பூங்காவை வளைத்துப் போட்டுச் சிமெண்ட் கிடங்குக்காரன் எழுப்பிய சுவரை, ஒரு பக்கம் இவள் நகரத்து ஆட்களும் மறுபக்கம் பக்கத்து நகரத்து ஆட்களும் இடித்துக்கொண்டிருந்தார்கள். சுவர் சாய்ந்தது. புழுதி அடங்கியதும் எதிரெதிரே நின்றவர்கள் முகம் பார்த்தார்கள். அவ்வளவுதான், கடப்பாரைகள் திசை மாறின.

"பூங்காவ வித்துத் தின்னது நீங்கதான்டா!"

"நாங்களா? உங்க மேயர் வீட்டு மாடி எப்படி எழும்புச்சுன்னு போய்க் கேளு!"

ஒருவனுக்குப் பல் போனது. இன்னொருவன் ஊஞ்சல் கம்பியில் மண்டை மோதிச் சுருண்டான். இவள் கண் கணவனை மட்டும் தேடியது. அவனும் சர்வேயர்தான், பக்கத்து நகரத்து ஆபீஸில். "சுவர அளந்துட்டு வந்துடறேன், சமைக்காதே, வெளியே சாப்பிடலாம்" என்று காலையில் சிரித்துக்கொண்டே கிளம்பியிருந்தான்.

பதினோரு வருடத்துக்கு முன் இரண்டு நகரமும் சேர்ந்து எல்லையை அளந்தபோதுதான் அவர்களுக்குள் பழக்கம். தெருத் தெருவாக அளந்தவர்கள், இந்தப் பூங்காவுக்கு வந்த மத்தியானம் பெஞ்சில் உட்கார்ந்து பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். அவன் அளந்திருப்பான் என்று அவளும், அவள் அளந்திருப்பாள் என்று அவனும் நினைத்து, ஒருவர் அளவுப் புத்தகத்தில் மற்றவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார்கள். பூங்கா இரண்டு நகரத்து வரைபடத்திலும் ஏறவில்லை. அதைத்தான் கிடங்குக்காரன் மோப்பம் பிடித்தான். போன வாரம் பழைய புத்தகங்களைப் புரட்டியபோதுதான் இருவருக்கும் இது தெரிந்தது. சொன்னால் இரண்டு பேர் வேலையும் போகும். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று ஏழு நாள் ஓடிவிட்டது.

சறுக்குமரத்தின் அடியில் அவனைப் பார்த்தாள். நாலைந்து பேர் மிதித்துக்கொண்டிருந்தார்கள். "இவன்தான் அவங்க சர்வேயர்! எல்லைக் கோட்ட மாத்திப் போட்டவன்!" இரும்புக் கம்பியோடு முன்னால் நின்றது வேறு யாருமில்லை, அவளுடைய அண்ணன். வெல்டர். விளையாட இடமில்லாமல் தெருவுக்கு ஓடிய அவர் மகளின் காலை லாரி நசுக்கி இருபது நாள்கூட ஆகவில்லை.

"அண்ணா!"

"தள்ளிப் போ பாப்பா! உன் புருஷன்னா விட்டுடுவேனா? என் பிள்ள நொண்டி ஆயிட்டாளே!"

கம்பி இறங்கியது. கணவனின் இடது கண் இருந்த இடத்தில் ரத்தம் குபுகுபுவென்று வந்தது. கம்பி மறுபடி ஓங்கியபோது இவள் மேலே விழுந்து மறைத்தாள். அடி அவள் மணிக்கட்டில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது.

"யாரும் விக்கல! நாங்க ரெண்டு பேரும் அளக்கல! அளந்ததா கையெழுத்து போட்டோம்! என்னையும் அடி அண்ணா, நானும்தான் போட்டேன்!" தொண்டை கிழியக் கத்தினாள்.

அண்ணன் கம்பியோடு அப்படியே நின்றார். கூட்டத்தில் ஒருவன், "அட பாவிகளா, காதலிக்க வேற இடமே கிடைக்கலியா?" என்றான். யாரும் சிரிக்கவில்லை. எங்கிருந்தோ வந்த கல் அவள் முதுகில் விழுந்தது. அதற்குள் போலீஸ் வந்துவிட்டது.

இரண்டு நகரத்திலுமாக முப்பது பேருக்குக் கட்டுப் போட்டார்கள். சாயங்காலம் இரண்டு மேயர்களும் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பேசி முடித்தார்கள். விற்றது யாருமில்லை என்று ஆனபின் சண்டை போட விஷயம் ஏது? பூங்கா இரண்டு நகரத்துக்கும் பொது, கிடங்குக்காரன் மேல் சேர்ந்தே வழக்கு. அதற்கு அவள் வாக்குமூலம் வேண்டியிருந்தது. இடது கையால் கோணல்மாணலாக எழுதிக் கொடுத்தாள். வேலை போகும் என்று தெரிந்தேதான் எழுதினாள்.

போலீஸ்காரர் ஒருவர் அண்ணனை வார்டு வாசல் வரை கூட்டி வந்தார். கதவில் அவள் நின்றிருந்தாள்.

"மாப்பிள்ளைக்குக் கண்ணு..."

"ஒண்ணு இருக்கு."

அண்ணன் அவள் தோளைத் தாண்டி உள்ளே எட்டிப் பார்த்தார். "ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போறேன் பாப்பா."

உள்ளேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "மச்சானா? வரச் சொல்லேன்."

அவள் கதவை விட்டு நகரவில்லை. "அவர் சொல்லுவாரு. அவரு அப்படித்தான்" என்றாள். "நான் சொல்லல. நீ போ."

பிறகு உள்ளே போய், கணவனின் நல்ல கண் இருந்த பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.