தலைகீழ் முத்திரை

ரோவீனாவுக்கு எந்த ஊரிலும் மூன்று வாரத்துக்கு மேல் கால் தரித்ததில்லை. ஹாலிவுட்டில் நான்கு மாதம் ஓடிவிட்டது. உள்ளங்காலில் எறும்பு ஊர்வதுபோல் இருந்தது அவளுக்கு.

பதினெட்டு வயதிலிருந்து, சீட்டாட்டத்தில் பணக்காரப் பையன்களை மொட்டையடிப்பதுதான் அவள் பிழைப்பு. இப்போது அந்தப் பிழைப்பைப் பற்றியே ஒரு சிரிப்புப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். கப்பலில் ஒரு மோசக்காரி, ஒரு அசட்டுக் கோடீஸ்வரன், இருவருக்கும் காதல். கதாநாயகிக்குச் சீட்டுப் பிடிக்கவும் கூசாமல் பொய் சொல்லவும் கற்றுக்கொடுப்பது ரோவீனாவின் வேலை.

"பொய் சொல்றப்போ கண்ணை உருட்டாதம்மா. நெஜம் பேசுறவ எவளும் அப்படி உருட்ட மாட்டா."

நடிகை இன்னும் கொஞ்சம் உருட்டுவாள்.

ரோவீனாவைத் தேடிப்பிடித்து வேலைக்குச் சேர்த்தவன் கதாசிரியன் லூதர். நல்லவன். காபிக்குச் சர்க்கரை போதுமா என்று கேட்டால்கூட, யோசித்து உண்மையைச் சொல்பவன். வரும் சனிக்கிழமை இருவருக்கும் கல்யாணம். சரி என்று தலையாட்டிய நாளிலிருந்து ரோவீனாவால் ஒரு நாற்காலியில் ஒழுங்காக உட்கார முடியவில்லை.

புதன்கிழமை காலை, மேல்குடி நடை உடை பாவனை சொல்லித்தர ஹங்கேரியிலிருந்து ஒரு பிரபு வந்திருப்பதாகச் சொன்னார்கள். ஒரு கண்ணில் ஒற்றைக் கண்ணாடியும் கையில் வெள்ளைக் கையுறையுமாக நுழைந்த பிரபுவை ஒரே பார்வையில் அவளுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. ஹார்லன்! மூன்று வருடத்துக்கு முன் விவாகரத்தான புருஷன், அவளைப் போலவே மோசக்காரன். ஒமாஹாவில் பன்றி வியாபாரி மகன். ஹங்கேரி எங்கே என்று கேட்டால் வரைபடத்தில் பிரேசிலைத் தொடுவான்.

திரைச்சீலைக்குப் பின்னால் அவனை இழுத்துப் போனாள்.

"இங்க எவன் தலையை மொட்டையடிக்க வந்தே?"

"உன்னப் பாக்கத்தான்டி வந்தேன். சனிக்கிழமை கல்யாணம்னு பேப்பர்ல போட்டிருந்தான். அஞ்சு நிமிஷம் பேசணும்."

"அஞ்சு நிமிஷம் குடுத்தா நீ ஆத்துப் பாலத்தையே வித்துருவே. போய்யா!"

அவன் போகவில்லை. சாப்பாட்டுக் கூடத்தில் அவள் பின்னால் வரிசையில் நின்றான். ஒப்பனை அறைக் கண்ணாடியில் தெரிந்தான். ஒருமுறை கப்பல் செட்டில் கட்டித் தொங்கவிட்ட படகுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ரெண்டு நிமிஷம்?" என்றான்.

மதியம் கல்யாணக் காட்சி. நாயகனும் நாயகியும் ஒப்பனையில் இருந்தார்கள். விளக்கைச் சரிபார்க்க அதே உயரத்தில் இரண்டு பேர் வேண்டும். இயக்குநர் சுற்றுமுற்றும் பார்த்து, பிரபுவையும் ரோவீனாவையும் பிடித்துப் பாதிரியார் வேடம் போட்டவர் முன்னால் நிறுத்தினார். அவள் தலையில் முக்காடு விழுந்தது.

"அசையாதீங்க!" என்று மேலே பரணிலிருந்து விளக்குக்காரன் கத்தினான்.

ஹார்லன் உதடு அசையாமல் பேசினான். அது அவன் தொழில் வித்தை.

"சனிக்கிழமை நீ கட்டிக்க முடியாது, ரோவீனா. நீ இன்னும் என் பொண்டாட்டி."

"உளறாதே. ரீனோ கோர்ட்ல விவாகரத்துத் தீர்ப்பு வாங்கிட்டு வந்து நீதானே காகிதத்தைக் காட்டினே?"

"அது நானே அச்சடிச்சது."

முக்காட்டுக்குள்ளிருந்து அவள் கண்ணை மட்டும் அவன் பக்கம் திருப்பினாள்.

"நீ விடுதலை கேட்டே. இல்லேன்னு சொல்ல எனக்கு வாய் வரலே. கோர்ட்டுக்குப் போகக் கால் வரலே. அரசு முத்திரையைத் தலைகீழா வேற குத்தித் தொலைச்சேன். கள்ளக் கையெழுத்த பத்தடி தூரத்துலயே மோந்து பிடிக்கிறவ நீ. பாத்த உடனே கண்டுபிடிச்சு என்னை உதைப்பேன்னு நெனச்சேன். நீ பாக்கவே இல்லையேடி!"

"எப்படிய்யா பாக்கறது? கண்ணு பூரா தண்ணி!"

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கு உறைத்தது. அந்தக் கோபத்தில் ஓங்கி ஒரு அறை விட்டாள். ஒற்றைக் கண்ணாடி பறந்துபோய் பாதிரியாரின் புத்தகத்தில் விழுந்தது.

"ஏ பொண்ணு, கையை எறக்கு!" என்றான் மேலே இருந்தவன். "போச்சு, எல்லாம் மறுபடி மொதல்லேர்ந்து!"

மாலையே லூதரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் வெகுநேரம் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தான்.

"ரீனோவுக்குப் போ. அந்த ஊர்ல ஆறு வாரம் தங்கினா போதும், சட்டப்படி நெஜ விவாகரத்துத் தீர்ப்பே கெடைக்கும். நான் காத்திருக்கேன்" என்றான்.

போனாள். அங்கே அவள் தங்கிய விடுதியில் அவளைப் போலவே நாள் எண்ணிக்கொண்டு பதினொரு பெண்கள் இருந்தார்கள். மறுநாளே ஹார்லன் எதிர்வீட்டு மாடியில் அறை எடுத்தான். "கையெழுத்துப் போட வந்திருக்கேன். இந்தத் தடவை என் சொந்தக் கையெழுத்து" என்றான். தினமும் சாயங்காலம் ஆற்றோரம் நடந்தார்கள். போகும்போது சண்டை, திரும்பும்போதும் சண்டை. சண்டை இல்லாத ஞாயிற்றுக்கிழமையில் அவளுக்குப் பொழுதே போகவில்லை.

ஆறாவது வாரக் கடைசியில் லூதருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். நான்கு தாள்களைக் கிழித்தாள். பொய்யாக இருந்தால் ஒரே மூச்சில் எழுதியிருப்பாள். கடைசியில் மூன்று வரிதான் வந்தது: 'தீர்ப்புக் காகிதத்தை நான் ஏன் உற்றுப் பார்க்கவில்லை என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேன். நீங்கள் ஏமாறக் கூடாத மனிதர், லூதர்.'

தபாலில் போட்டுவிட்டு எதிர்வீட்டு மாடி ஏறினாள். ஹார்லன் பெட்டியில் சட்டைகளைத் திணித்துக்கொண்டிருந்தான்.

"எங்க கெளம்பிட்டே?"

"நாளைக்குக் கையெழுத்து. அது முடிஞ்சதும் நீ மேற்கே போவே. அதான் நான் கெழக்கே. ஒரே ஊர்ல ஆறு வாரம்! உடம்பெல்லாம் அரிக்குதுடி."

"எனக்கு மட்டும் என்னவாம்? கெழக்கே வண்டி எத்தனை மணிக்கு?"

அவன் கையிலிருந்த சட்டை அப்படியே நின்றது. "நாலு இருபது. ஏன், வழியனுப்ப வர்றியா?"

"ஒரு சட்டையக்கூட மடிக்கத் தெரியல. தள்ளு அந்தாண்ட."

கையெழுத்துப் போடாமலே ஏறிய நாலு இருபது வண்டியில் சன்னலோர இருக்கை ஒன்றுதான் காலி. அதற்காக இருவரும் சண்டை போட்டதில் ரயில் பெட்டி முழுவதும் திரும்பிப் பார்த்தது.