புளியமரம் வரை நைனாவின் நடை

12 ஆகஸ்ட் 1964, புதன்

நேற்றைய பக்கத்தில் தவறாக எழுதிவிட்டேன். வீட்டு வாசலிலிருந்து புளியமரம் வரை நைனா வைத்த அடிகள் எண்பத்திரண்டு. டைப் வகுப்புக்கு ஓடும் அவசரத்தில் அறுபத்திரண்டு என்று எழுதியிருக்கிறேன். அடித்துத் திருத்தினேன். அடி கூடினால் நடை குறுகிவிட்டது என்று பொருள். டாக்டர் பார்க்கப்போகிற நோட்டு இது.

நைனாவுக்கு நடுக்குவாதம். முன்சீப் கோர்ட்டில் சம்மன் கொண்டுபோகும் சேவகர். நாளை மறுநாள் டாக்டர் முன்னால் நடந்து காட்ட வேண்டும். தகுதியில்லை என்று அவர் எழுதிவிட்டால் வேலை போய்விடும்.

மாத்திரையில் கை நடுக்கம் குறைந்திருக்கிறது. கால் மட்டும் ஏன் மோசமாகிறது? போன வாரம் டாக்டர், "சரியா சாப்பிடுறாரா, தூங்குறாரா, பேசுறாரா?" என்று கேட்டார். நான் மாத்திரைக் கணக்கை ஒப்பித்தேன். "மனசு சோர்ந்துபோனா இந்த வியாதியில நடையும் சோர்ந்துபோகும்மா. அதையும் எழுதிட்டு வா" என்றார்.

இன்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஜூனில் அறுபது, அறுபத்தொன்று. ஜூலை முதல் வாரத்திலிருந்து ஏறுகிறது. அவர் சாப்பாட்டின்போது பேசுவதை நிறுத்தியதும் அந்த வாரம்தான்.

அந்த வாரம் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். ஹெட் கிளார்க்கிடம் போய், "நைனாவ ஊர்ப்பக்கம் அனுப்பாதீங்க, வழியில விழுந்துடுவார்" என்று கேட்டுக்கொண்டவள் நான். நைனாவிடம் சொல்லவில்லை. மறுநாளே அவர் சம்மன் கொண்டுபோகும் ஊர்களை இன்னொரு சேவகர் துரைக்கண்ணுவுக்குக் கொடுத்துவிட்டார்கள். கோர்ட்டில் ஒருவருடைய ஊர்களை இன்னொருவருக்கு மாற்றினால் ஆள் தீர்ந்தான் என்று அர்த்தமாம். எனக்கு அது தெரியாது.

சாயங்காலம் வகுப்புக்குப் போகாமல் நைனாவை நடக்கவைத்தேன். நாற்பதாவது அடியில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது.

"நடங்க நைனா."

"இன்னாத்துக்கு? குந்தவெச்சுத்தானே சம்பளம் தர்றாங்க."

அப்போது துரைக்கண்ணு சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னா அண்ணே, நடுரோட்டுல நின்னு யாருக்கு சம்மன் குடுக்கப்போற?"

துரைக்கண்ணு சைக்கிளுக்கு ஸ்டாண்டு போட்டார்.

"அவலூர்பேட்டையில உன்னத்தான் கேக்கறாங்க. கதவத் தட்டாம கையெழுத்து வாங்குற ஆளு எங்கேன்னு. எனக்கு நாய்தான் பதில் சொல்லுது. உன் பொண்ணு அமலு மட்டும் ஹெட் கிளார்க்கண்ட வந்து அழுவாம இருந்தா, நான் நிம்மதியா இருந்திருப்பேன்."

சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

நைனா என் பக்கம் திரும்பினார்.

"நீயா சொன்னே?"

"ஆமா நைனா."

"கோர்ட்டே முடிவு பண்ணிட்டதுன்னு நெனச்சேன். ஆறு வாரமா. ஒருத்தனும் சொல்லல. நீயும் சொல்லல."

நான் கையைப் பிடிக்கப் போனேன். தட்டிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து பின்னாலேயே நடந்தேன்.

"எண்ணாதே" என்றார்.

எண்ணவில்லை. இரண்டு இடத்தில் நின்றார். வீட்டுக்குள் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அம்மா வைத்த சோறு அப்படியே இருக்கிறது.

நான் நினைப்பது தலைகீழாகவும் இருக்கலாம். நடை போனதால்தான் மனசு போயிருக்குமோ என்னவோ. டாக்டரைத்தான் கேட்க வேண்டும். ஆனால் அவர் கேட்ட மூன்று கேள்விக்கும் என் பதில், "இல்லை" என்பதுதான். அதை இதுவரை ஒரு பக்கத்திலும் நான் எழுதவில்லை.

நாளை பத்து மணிக்குக் கோர்ட்டுக்குப் போய், ஹெட் கிளார்க்கிடம் என் வேண்டுகோளைத் திரும்பப் பெறுவது. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போய், நைனா சாப்பிடாததையும் தூங்காததையும் பேசாததையும் டாக்டரிடம் சொல்வது. இரண்டு இடத்துக்கும் போகிறேன் என்று, கிளம்பும் முன் நைனாவிடம் சொல்வது.